ஒரு பாத்திரம் போதாது என்று நான் எழுதியது

இந்தப் பத்திரிகையின் கலைப்பக்கத்தை இனி நீங்கள் நான்கு பேரும்தான் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். ஓய்வு பெற்றுப் போகிறவன் புதிதாக வந்தவர்களுடன் கொஞ்சம் கதைத்துவிட்டுப் போகட்டும் என்று ஆசிரியர் நினைத்திருக்கிறார். குறுநாடகத்தையும் தனிநடிப்பையும் எப்படிச் சுவைப்பது, எப்படி எழுதுவது என்று சொல்லச் சொன்னார். மேடை, ஒளி, ஒப்பனை பற்றியெல்லாம் நீங்கள் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். என்னிடம் இருப்பது நான் பிழைவிட்ட இடங்கள். இரண்டைச் சொல்கிறேன். ஒன்று சின்னது.

ஐம்பத்தாறாம் ஆண்டு இங்கே அச்சுப்பிழை பார்க்கும் ஒப்புநோக்காளனாகச் சேர்ந்தேன். சில காலம் கழித்து, கலைப்பக்கத்துக்கு ஆள் இல்லாத ஒரு வாரத்தில், நகர மண்டபத்தில் நடந்த குறுநாடகம் ஒன்றைப் பார்த்து எழுதும்படி என்னை அனுப்பினார்கள். கல்யாணம் செய்துபோன மகள் ஒருத்தி தகப்பன் வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். அரை மணி நேரம் இருவரும் வேறு எதையோ பற்றிப் பேசுகிறார்கள். பிறகு அவள் எழுந்து போகிறாள். அவ்வளவுதான். நான் முன்வரிசையில் இருந்து ஒரு வரி விடாமல் குறிப்புக் கொப்பியில் எழுதினேன். அடுத்த நாள் காலை கட்டுரையைக் கொண்டுபோய் அப்போதைய செய்தி ஆசிரியரிடம் கொடுத்தேன். தன் பெயரை யாரும் எழுதுவது அவருக்குப் பிடிக்காது. அதனால் இப்போதும் சொல்லவில்லை. அவரும் அந்த நாடகத்தைப் பார்க்கப் பின்வரிசையில் வந்திருந்திருக்கிறார். கட்டுரையை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கடைசியிலை அவள் வெளிக்கிடேக்கை கதவைச் சாத்தினவளோ, சாத்தேல்லையோ?"

எனக்குத் தெரியவில்லை. அந்த நேரம் நான் குனிந்து, தகப்பன் சொன்ன கடைசி வசனத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.

"நாடகம் அதுதான். நீர் எழுதினது வசனம்" என்று சொல்லிக் கட்டுரையைத் திருப்பித் தந்தார். அவள் சாத்தினாளா என்று அவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மண்டபத்துக்குள் நான் கொப்பி திறந்ததில்லை. நீங்களும் திறக்கவேண்டாம்.

அது கற்றுக்கொண்டு திருந்தக்கூடிய பிழை. இரண்டாவது அப்படியானதல்ல.

அறுபதுகளின் நடுவில் எனக்குக் கொஞ்சம் பெயர் வந்திருந்தது. பத்திரிகையில் வாராவாரம் நாடக விமர்சனம் எழுதினேன். ஊர்ப் போட்டிகளுக்கு நடுவராகக் கூப்பிட்டார்கள். அப்படித்தான் கோப்பாய்ப் பக்கம் ஒரு வாசிகசாலை நடத்திய ஓரங்க நாடகப் போட்டிக்குப் போனேன். அதற்கு முந்திய ஆண்டு காலமான ஒரு நிலச் சொந்தக்காரரின் ஞாபகமாக, அவருடைய மகன் ஒரு சுழற்கேடயம் கொடுத்திருந்தார். மகன் யாழ்ப்பாணத்தில் வழக்குப் பேசும் சட்டத்தரணி. முன்வரிசையில், நடுவர் மேசைக்குப் பக்கத்துக் கதிரையில் வெள்ளை வேட்டியோடு இருந்தார். நடுவர்கள் மூன்று பேர். தலைமை நடுவர் ஓய்வு பெற்ற ஒரு பாடசாலை அதிபர். அடுத்தவர் ஒரு சங்கீத ஆசிரியர். மூன்றாவது நான்.

மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கினார்கள். ஐந்து நாடகங்கள். முதல் மூன்றும் வழமையான மாதிரி. சீதனம், குடிகாரக் கணவன், கடைசியில் திருந்துதல். நாலாவதாக இணுவிலில் இருந்து வந்த இருவரைக் கூப்பிட்டார்கள். எழுதியவர் சிவபாதம் என்ற இளம் ஆசிரியர். நடிப்பவர் அவருடைய தமையன் கதிரேசு. கதிரேசு சலூன் வைத்திருப்பவர். அவர்களுடைய தகப்பன் ஊர் வீடுகளுக்குப் போய் முடிவெட்டிச் சவரம் செய்தவர். சாவு வீடுகளில் செய்யவேண்டியதையும் அவர்தான் செய்தவர். இந்த விவரம் பந்தலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கதிரேசு மேடையில் ஏறியபோதே பின்னாலிருந்து யாரோ செருமினார்கள்.

மேடையில் உயரமான சாய்வுள்ள கைக்கதிரை ஒன்று மட்டும். அதன் முதுகு எங்கள் பக்கம். கதிரையின் கையில் ஒரு வெள்ளைச் சால்வை தொங்கியது. யாரோ இருக்கிறார், நாம் முகத்தைப் பார்க்க முடியாது என்று விளங்கியது. கதிரேசு ஒரு பித்தளைக் கிண்ணத்தோடு வந்து கதிரைக்கு முன்னால் குனிந்து நின்றார்.

"நயினார், தாடையைக் கொஞ்சம் உயர்த்துங்கோ" என்றார். பிறகு தானே கையை நீட்டி உயர்த்தினார்.

கத்தி கையில் இல்லை. மணிக்கட்டு மட்டும் அசைந்தது. ஆனால் அந்த அசைவில் கத்தி இருந்தது. புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் போதவில்லை என்று பேசினார். கிணற்றுக் கட்டு இடிந்ததைப் பேசினார். எல்லாம் சின்னக் குரலில், சவரம் செய்கிறவன் பேசக்கூடாத வீட்டில் ஒருவன் பேசிப் பார்க்கிற மாதிரி. கதிரையில் இருப்பவர் பதில் சொல்லவில்லை. பதில் வராததால் பேச்சு மெல்ல மெல்லத் துணிந்தது.

"நாப்பது வருசம் உங்கடை கழுத்திலை கத்தி வைச்சிருக்கிறன். ஒருநாளும் நீங்கள் பயப்பிடேல்லை. ஏன் பயப்பிடேல்லை எண்டு இண்டைக்குத்தான் நான் யோசிக்கிறன்."

அப்போது கதிரேசுவின் கை தடுமாறி நின்றது.

"ஐயோ. வெட்டிப்போட்டன் நயினார்."

சால்வையை எடுத்து ஒற்றப் போனவர் ஒற்றவில்லை. குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். நாங்களும் அவரோடு பார்த்தோம். பிறகு மிக மெதுவாகச் சொன்னார்:

"ரத்தம் வரேல்லை."

அப்போதுதான் பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் விளங்கியது. கதிரையில் இருப்பது பிணம். இது சாவு வீட்டில் செய்கிற கடைசிச் சவரம். நாற்பது வருடம் வாய் திறக்க முடியாதவன் இன்றைக்குத்தான் அந்த ஆளோடு பேசுகிறான்.

மீதி ஐந்து நிமிடம்கூட இல்லை. முகத்தைத் துடைத்துவிட்டு அவர் கேட்டார்: "நயினார், ஒருக்கா என்ரை பேரைச் சொல்லுங்கோ. 'டேய்' எண்டுதான் எல்லா நாளும் கூப்பிட்டனீங்கள். என்ரை பேர் உங்களுக்குத் தெரியுமோ எண்டு எனக்குத் தெரியாது." காத்திருந்தார். மேடைக்கு வெளியிலிருந்து ஒரு குரல், "டேய், முடிஞ்சுதோ?" என்றது. கதிரேசு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். "ஓம் நயினார், முடிஞ்சுது." உள்ளே போய்விட்டார்.

யாரும் கைதட்டவில்லை. கைதட்டுவது சரியா பிழையா என்று யாருக்கும் தெரியவில்லை. நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். சட்டத்தரணியின் கதிரை வெறுமையாக இருந்தது. அவர் எப்போது எழுந்து போனார் என்று நான் கவனிக்கவில்லை. ஆனால் பந்தலில் பாதிப் பேர் கவனித்திருந்தார்கள்.

ஒரு தனிநடிப்பைப் பார்க்கும்போது முதலில் கேட்கவேண்டிய கேள்வி, இவன் யாரோடு பேசுகிறான் என்பது. அந்த ஆள் ஏன் பதில் சொல்லவில்லை என்பது அடுத்தது. இந்த இரண்டு கேள்விக்கும் இவ்வளவு முழுமையாகப் பதில் சொன்ன நாடகத்தை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். விளங்காமல் நான் பிழைவிடவில்லை.

ஐந்தாவது நாடகம் முடிந்ததும் வாசிகசாலையின் உள்ளறையில் மூன்று பேரும் கூடினோம். பந்தலில் ஆட்கள் காத்திருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் முடிவை அறிவிக்கவேண்டும். சங்கீத ஆசிரியர் புள்ளித்தாளை மடித்து மேசையில் வைத்துவிட்டு யன்னலைப் பார்த்தார். தலைமை நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாலாவது நல்லாய் இருந்தது. உமக்கும் அப்பிடித்தானே?" என்றார்.

"ஓம் சேர்."

"ஆனா கேடயம் குடுக்கிற வீட்டுக்காரர் எழும்பிப் போயிட்டார். தேப்பன் செத்து ஒரு வருசந்தான் ஆகுது. அந்தக் கேடயத்தை உந்த நாடகத்துக்குக் குடுத்தால் ஊருக்குள்ளை என்ன நடக்குமெண்டு யோசியும். அடி விழுகிறது எங்களுக்கில்லை. அந்த ரெண்டு பொடியளுக்கும்தான்."

அவர் கெட்ட மனிதர் அல்ல. அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் பயந்தார் என்று இன்றும் நம்புகிறேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"முடிவு எங்களுக்குத் தெரியும். காரணந்தான் வேணும். நீர்தானே எழுதுறனீர்."

காரணம் தேட எனக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் வெட்கம். பேனாவை எடுத்து எழுதினேன்: "நாடகம் என்பது பாத்திரங்களுக்கிடையே நிகழ்வது. ஒரே பாத்திரம் பேசுவது பேச்சாகுமே தவிர நாடகமாகாது. ஆகவே நான்காம் படைப்பு போட்டிக்குரியதாகக் கொள்ளப்படவில்லை." அழகான வசனம். தலைமை நடுவர் வாசித்துவிட்டுத் தலையாட்டினார். சங்கீத ஆசிரியர் வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

எல்லாம் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் என்று சொல்லி உங்களை ஏமாற்றக்கூடாது. நயினார் என்று கூப்பிடப்பட்ட நிலக்காரர் வீடு ஒன்றில்தான் நானும் பிறந்தேன். சின்ன வயதில் பதினைந்து நாளைக்கொருமுறை ஒருவர் வந்து கிணற்றடியில் என் தகப்பனுக்குச் சவரம் செய்வார். எனக்கும் அவர்தான் முடி வெட்டினார். கதிரேசு மேடையில் "என்ரை பேரைச் சொல்லுங்கோ" என்று காத்து நின்றபோது, அந்த மனிதரின் பெயரை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். வரவில்லை. அவருக்குப் பெயர் இருந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை. அந்த நாடகம் அங்கே, என் கண்ணுக்கு முன்னால் இல்லாமற் போனால் நல்லது என்று என்னுள்ளும் ஒரு பகுதி விரும்பியது. அந்த ஒரு நிமிடத்தில் பேனா ஓடியதற்கு அதுவும் காரணம்.

இரண்டு வாரம் கழித்து சிவபாதம் சைக்கிளில் இந்த அலுவலகத்துக்கு வந்தார். இந்த மேசைக்கு முன்னால்தான் நின்றார். சண்டை பிடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அதற்கு மனதைத் தயார்படுத்தியும் இருந்தேன்.

"ஐயா, நான் கோவிச்சு வரேல்லை" என்றார். "படிக்க வந்தனான். உங்கடை கட்டுரையள் எல்லாம் வெட்டி ஒட்டி வைச்சிருக்கிறன். அந்தக் காரணம் நீங்கள் எழுதினதெண்டு சொன்னவை. நீங்கள் எழுதினால் சரியாய்த்தான் இருக்கும்."

நான் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னேன். அவர் இருக்கவில்லை.

"ஓராள் கதைச்சால் நாடகமில்லையெண்டு விளங்குது. அப்ப அந்த இடத்திலை மற்ற ஆள் ஆராய் இருக்கோணும்? அதைத்தான் ரெண்டு கிழமையாய் யோசிக்கிறன். பிடிபடேல்லை."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்திருக்க முடியாது. "மாஸ்டர், அதிலை ஒருத்தரும் வேண்டாம், நான் எழுதினது பொய்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அச்சுக்கூடத்திலிருந்து ஆள் வந்து பக்கம் பிந்துகிறது என்று நின்றான். சிவபாதம் கையில் ஒரு பென்சிலோடு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்:

"மகனாய் இருக்கலாம். செத்தவரின்ரை மகன் பக்கத்திலை நிக்கலாம்."

அவர் முகம் மலர்ந்துபோயிற்று. "ஓம்! மகன்!" என்றார். கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த ஆண்டு அதே வாசிகசாலைப் போட்டியின் விதிகள் அச்சாகி வந்தன. மூன்றாவது விதி: குறைந்தது இரு பாத்திரங்களேனும் உரையாடுதல் வேண்டும். என் வசனத்தை வைத்துத்தான் செயலாளர் அந்த விதியை எழுதியிருந்தார். பிறகு அதைப் பார்த்து அரியாலையில் ஒரு மன்றமும், வேறு இரண்டு மூன்று வாசிகசாலைகளும் அப்படியே எடுத்துப் போட்டார்கள். நல்ல விதியாக அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்துப் போட்டி மேடைகளில் தனி ஒரு மனிதன் வந்து நின்று பேசுவதை நான் நீண்ட காலம் பார்க்கவில்லை.

அந்த ஆண்டும் நடுவர்களில் நானும் ஒருவன். சிவபாதமும் கதிரேசுவும் வந்தார்கள். இந்த முறை கதிரை எங்களைப் பார்த்துத் திரும்பியிருந்தது. துணி சுற்றிய ஒரு பொம்மையை அதில் இருத்தியிருந்தார்கள். பக்கத்தில் மகனாக ஒருவர் நின்றார். திரை திறந்ததும் மகன், "அப்பா, எங்களை விட்டிட்டுப் போட்டியளே" என்று அழுதார். எல்லாம் முதல் வசனத்திலேயே முடிந்துவிட்டது. கதிரேசு கிணற்றைப் பற்றிச் சொன்னார், மகன் பதில் சொன்னார். கதிரேசுவின் கை தடுமாறியது. "ஐயோ, வெட்டிப்போட்டன்" என்றார். மகன் உடனே, "செத்த உடம்பிலை ரத்தம் எங்கை வரும்" என்றார். கடைசியில் கதிரேசு தன் பெயரைக் கேட்டார். மகன் அந்தப் பெயரைச் சொல்லிக் கட்டிப் பிடித்தார். பந்தல் முழுக்கக் கைதட்டியது. சிலர் எழுந்து நின்று தட்டினார்கள்.

முதற் பரிசு அதற்குத்தான். மூன்று நடுவர்களும் ஒரே முடிவு. வேறு எதைச் சொல்ல முடியும்? விதிப்படி எல்லாம் இருந்தது.

கேடயம் கொடுக்கச் சட்டத்தரணி மேடைக்கு வந்தார். கொடுத்துவிட்டு இறங்கும்போது என் பக்கத்தில் நின்றார்.

"போன முறை நான் எழும்பிப் போனதை நீங்கள் எல்லாரும் பிழையாய் விளங்கிப்போட்டியள் எண்டு பிறகுதான் கேள்விப்பட்டன்" என்றார். "என்ரை அப்பாவுக்குக் கடைசிச் சவரம் செய்தது உந்தக் கதிரேசுதான். நான் பக்கத்திலை நிண்டனான். அவர் ஒரு சொல்லும் கதைக்கேல்லை. போன முறை பாக்கேக்கை, அண்டைக்கு அவர் மனசுக்குள்ளை கதைச்சதெல்லாம் எனக்குக் கேட்ட மாதிரி இருந்தது. நான் அழுகிறதை ஊர் பாக்கக்கூடாதெண்டு வெளியிலை போனனான்."

நான் கையிலிருந்த புள்ளித்தாளை மடித்தேன்.

"இந்த முறை எல்லாரும் கைதட்டினவை. எனக்கு ஒண்டும் வரேல்லை" என்றார். பிறகு பந்தலைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "ஆனா போன முறை நீங்கள் குடுத்திருந்தாலும் ஊர் சும்மா விட்டிராது. அதுவும் உண்மைதான்."

அவருக்குப் பின்னால் சிவபாதம் கேடயத்தோடு வந்தார். "நீங்கள் சொன்னது சரியாய் வந்திட்டுது ஐயா. மகன் வந்தபிறகுதான் அது நாடகமாச்சு." கதிரேசு கொஞ்சம் தள்ளி, ஒப்பனையைத் துடைத்துக்கொண்டு நின்றார். என்னை நேராகப் பார்க்காமல், தம்பியிடம் சொல்கிற மாதிரி, "எனக்கெண்டால் முந்தினதுதான் விருப்பம்" என்றார்.

"அண்ணைக்கு நாடகம் விளங்காது ஐயா" என்று சிவபாதம் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு சிவபாதம் ஆறேழு நாடகம் எழுதினார். எல்லாவற்றிலும் இரண்டு பேர், மூன்று பேர். ஒவ்வொரு பாத்திரமும் மற்றவர் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லியது. பரிசுகளும் கிடைத்தன. நான் விமர்சனமும் எழுதினேன். "முன்னேற்றம் தெரிகிறது" என்று ஒரு தடவை எழுதியிருக்கிறேன். பழைய பத்திரிகைக் கட்டுகளில் அது இருக்கும். தேடி வாசிக்கவேண்டாம். பிறகு மன்னார்ப் பக்கம் மாற்றம் கிடைத்துப் போனார். எழுதுவதை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள் யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். விடுமுறைக்கு வந்து திரும்பிப் போகிறார். தலை நரைத்திருந்தது. மன்னார் பஸ்சுக்கு இன்னும் நேரம் இருந்தது. இருவரும் தேநீர் குடித்தோம். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டேன்.

"இல்லை ஐயா. எனக்கு அது வராது. ஒரேயொரு நாடகம் கொஞ்சம் நல்லாய் வந்தது. அதுவும் நீங்கள் திருத்தித் தந்ததாலை."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளறை, வெள்ளைத் தாள், நான் எழுதிய வேகம், மகன் என்று சொன்னது வரை. அவர் இடைமறிக்காமல் கேட்டார். தேநீர்க் குவளையைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அப்ப முந்தினது நல்ல நாடகமோ?"

"நான் பாத்ததிலையே நல்லது அதுதான்."

"நீங்கள் எழுதினது பொய்யோ?"

"ஓம்."

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். பஸ்கள் நிற்கிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அந்தக் கொப்பி என்னட்டை இல்லை. புதுசு எழுதி முடிஞ்ச உடனை பழசைக் கிழிச்சுப்போட்டன். பிழையானதை ஏன் வைச்சிருப்பான் எண்டு." குவளையைக் கீழே வைத்துவிட்டு, "அது எங்கடை ஐயாவைப் பற்றி எழுதினது" என்றார். தன்னுடைய தகப்பனைத்தான் சொன்னார்.

பஸ் வந்தது. யாழ்ப்பாணத்தில் எவரும், எவ்வளவு கோபத்தில் இருந்தாலும், புறப்படும்போது "வாறன்" என்று சொல்லாமல் போகமாட்டார்கள். அவர் சொல்லாமல் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. இரண்டு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை.

ஆனால் ஒரு நம்பிக்கை இருந்தது. கதிரேசு. நடித்தவருக்கு வசனம் பாடமாக இருக்குமே. அவர் சொல்ல நான் எழுதினால் நாடகம் மீண்டுவிடும், இந்தப் பக்கத்திலேயே அச்சிட்டுவிடலாம், நடந்ததையும் என் பெயரோடு எழுதிவிடலாம் என்று நினைத்தேன். பஸ் நிலையத்தில் கண்டதற்கு அடுத்த வாரமே இணுவிலுக்குப் போனேன். பின்னேரம் மூன்று மணி. சலூனில் ஆள் இல்லை. கதிரேசு நீண்ட மரவாங்கில் இருந்தபடி பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். தம்பி கடிதம் எழுதியிருப்பார் போலும். நான் விளக்கம் சொல்லத் தொடங்கியபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"எல்லாம் தெரியும். என்ன வேணும்?"

சொன்னேன். அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, கடைக் கதிரைக்கு முன்னால் போய் நின்றார். தோள் தானாகக் குனிந்தது. பத்து வருடத்துக்கு மேலாகியும் குரல் அப்படியே வந்தது.

"நயினார், தாடையைக் கொஞ்சம் உயர்த்துங்கோ."

புகையிலை வந்தது. கிணற்றுக் கட்டு வந்தது. நாற்பது வருடமும் கழுத்தும் கத்தியும் வந்தன. நான் எழுதிக்கொண்டே போனேன். கை தடுமாறியது.

"ஐயோ. வெட்டிப்போட்டன் நயினார்."

குனிந்தார். நின்றார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இதிலை மகன் கதைக்கோணும்" என்றார்.

"இல்லை அண்ணை, முந்தினதிலை மகன் இல்லை. நீங்கள்தான் அடுத்ததும் சொல்லுறனீங்கள்."

"தெரியும். தெரியும்." திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார். அதே இடத்தில் நின்றார். மூன்றாம் முறை பாதியிலிருந்து தொடங்கினார். "வெட்டிப்போட்டன் நயினார்" என்று சொல்லிக் குனிந்ததும் அவர் காது வேறு ஒரு குரலுக்குக் காத்திருப்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. நான் அடியெடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிச் சொன்னார். ஆனால் அது நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னதாகத்தான் இருந்தது.

"வருகுதில்லை" என்றார். "அந்தப் பொடியனோடை எத்தினை மேடை ஏறிப்போட்டன். அவன் கதைப்பான் எண்டு நிக்கிறன். ஐயாவின்ரை குரல் போயிட்டுது."

வாசலில் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். கதிரேசு துணியை உதறினார். "வாங்கோ, இருங்கோ" என்று அவரைக் கூப்பிட்டார். நான் கொப்பியை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

பிள்ளைகளே, நீங்களும் நடுவர்களாகப் போவீர்கள். முடிவைத் தங்களிடம் வைத்துக்கொண்டு, காரணத்தை மட்டும் எழுதித் தரும்படி கேட்பார்கள். எழுதத் தெரிந்தவனிடம்தான் கேட்பார்கள். பயமாக இருந்தால் பயம் என்று சொல்லுங்கள், வெளியே போங்கள், கையெழுத்து வைக்காதீர்கள். கலையின் பெயரால் ஒரு விதியை மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். உங்கள் எழுத்தை நம்புகிற ஒருவர் அதை வாசிப்பார்.

அந்த நாடகத்தின் விமர்சனத்தை அன்றிரவே நான் எழுதியிருக்கவேண்டும். பரிசு இல்லாவிட்டாலும் அது இருந்திருக்கும். இப்போது உங்களுக்குச் சொன்னதுதான் எனக்கு எஞ்சியிருப்பது. வசனங்கள் சில ஞாபகம் இருக்கின்றன. ஆனால் "ரத்தம் வரேல்லை" என்று சொல்வதற்கு முன், அந்தக் காயத்தைப் பார்த்தபடி கதிரேசு எவ்வளவு நேரம் நின்றார் என்பதை என்னால் உங்களுக்குச் சொல்ல முடியாது. அது எனக்கு மறந்துவிட்டது.